எந்த வீட்டு விலாசம்?

முன்னோர்களுக்குப் படையல் போடும் படைப்புக்காக ஊருக்கு வந்திருந்தபோதுதான் அந்த பக், அதாவது நிரல் பிழை, சிக்கியது. பெங்களூர் அலுவலகத்தில் இரண்டு பெரிய திரைகளை வைத்துக்கொண்டு மூன்று வாரம் தேடியும் கையில் அகப்படாதது, கோட்டையூரில் எங்கள் வீட்டுப் பட்டாலையில், மடியில் லேப்டாப்பும் ஜன்னல் கம்பியில் செருகிய போனுமாக உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில் பிடிபட்டது. அதற்கு ஒரு பித்தளை அண்டாவும் காரணம். அண்டா கதைக்கு அப்புறம் வருகிறேன்.

எங்கள் கம்பெனியில் ஹைப்பர்வைசர் எழுதுகிறோம். ஒரே கணினியைப் பல கணினிகளாகப் பிரித்துக் காட்டுகிற மென்பொருள். அப்படிக் காட்டும் ஒவ்வொன்றும் ஒரு விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம். செட்டிநாட்டு வீடு தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வீடு ஒன்று, முகப்பும் வளவும், அதாவது நடு முற்றமும், பொது. ஆனால் வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், தனி அறை, தனி பூட்டு, தனி அடுப்பு. அறைக்குள் இருப்பவருக்கு அதுதான் முழு வீடு.

சிக்கல் எப்போது வருகிறது என்றால், எங்களிடம் அறை எடுத்தவர் அந்த அறைக்குள்ளேயே தடுப்புக் கட்டி உள்வாடகைக்கு விடும்போது. அதாவது எங்கள் விர்ச்சுவல் மெஷினுக்குள் வாடிக்கையாளர் தன் ஹைப்பர்வைசர் ஒன்றை ஓட்டி, அதற்குள் இன்னொரு மெஷினை ஓட்டுகிறார். அடியில் நிஜ வன்பொருளின் மேல் இருக்கும் எங்கள் ஹைப்பர்வைசருக்கு எல்0 என்று பெயர். வாடிக்கையாளருடையது எல்1. அதற்குள் ஓடுவது எல்2. ஐபிஎம் பெருங்கணினிகளில் 1970களிலேயே விஎம்-க்குள் விஎம் ஓட்டினார்கள். எக்ஸ்86 உலகம், அதாவது இன்டெல், ஏஎம்டி வகைக் கணினிகள், ரொம்பத் தாமதம். விர்ச்சுவல் மெஷின்களுக்காக பிராசஸரிலேயே இன்டெல் 2005 கடைசியில் கொண்டுவந்த விடி-எக்ஸ் வசதி ஒரே ஒரு ஹைப்பர்வைசரை மனதில் வைத்துச் செய்தது. அதன் மேல் அடுக்கடுக்காக ஓட்டுவது எப்படி என்று ஐபிஎம்மின் ஹைஃபா ஆய்வகத்தினரும் கூட்டாளிகளும் 2010இல் 'டர்டில்ஸ்' என்ற பெயரில் ஒரு கட்டுரை போட்டார்கள். லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மில் இன்டெலுக்கான இந்த வசதி 2011இல் சேர்ந்தது. இந்த வேலையில் இருப்பவர்கள் அந்தக் கட்டுரையை ஒரு தடவையாவது பாராயணம் பண்ணியிருப்பார்கள்.

இதில் தலைவலி மெமரிதான். மற்றதெல்லாம் எண்களை இங்கிருந்து அங்கே நகல் எடுக்கும் வேலை, சலிப்புத் தட்டும், ஆனால் கஷ்டமில்லை. மெமரியில் நகல் எடுத்தால் போதாது. அங்கே எண் என்றாலே விலாசம். விலாசம் என்றால் யாருடைய விலாசம் என்ற கேள்வி கூடவே வரும்.

கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். சாதாரணக் கணினியில் ஒரு நிரல் ஒரு விலாசத்தைக் கேட்டால், பிராசஸர் தனக்குள் இருக்கும் சின்னச் சேமிப்புக் கட்டங்களில் ஒன்றான சிஆர்3 என்ற ரெஜிஸ்டரைப் பார்க்கும். அதில் முதல் பேஜ் டேபிள், அதாவது விலாசத்தை மாற்றித் தரும் பட்டியல், இருக்கும் இடம் எழுதியிருக்கும். அங்கே போனால் அடுத்த டேபிளின் இடம். இப்படி நான்கு படி ஏறினால் நிஜப் பக்கம் கிடைக்கும். நான்கு தடவை மெமரியைப் படித்தால் போதும். இப்போது இது விர்ச்சுவல் மெஷின் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிஆர்3-இல் இருப்பது கெஸ்ட், அதாவது உள்ளே ஓடும் மெஷின், நினைத்துக்கொண்டிருக்கும் விலாசம், நிஜமல்ல. அதை நிஜமாக்க ஹைப்பர்வைசர் வைத்திருக்கும் இன்னொரு டேபிளைப் பார்க்க வேண்டும். இன்டெலில் அதற்கு ஈபிடி என்று பெயர், அதிலும் நான்கு படி. ஆக, கெஸ்டின் ஒவ்வொரு படிக்கும் ஈபிடியில் நான்கு, அப்புறம் அந்தப் படியைப் படிக்க ஒன்று, மொத்தம் ஐந்து. நான்கு படிக்கு இருபது. கடைசியில் கிடைத்த விலாசமும் கெஸ்டின் விலாசம்தான் என்பதால் அதற்கும் நான்கு. கூட்டினால் 24. ஒரே ஒரு பைட்டைப் படிக்க மோசமான நிலையில் 24 தடவை டேபிளைத் தொட வேண்டும். இந்த விடைகளையெல்லாம் பிராசஸர் ஞாபகத்தில் வைத்துக்கொள்வதால்தான் நாம் பிழைக்கிறோம்.

எல்2 வந்தால் இன்னொரு அடுக்கு கூடுகிறது. ஆனால் வன்பொருளுக்குத் தெரிந்தது இரண்டு அடுக்குதான், மூன்றாவதைச் சொன்னால் புரியாது. அதனால் எல்0 ஒரு வேலை செய்கிறது. எல்2-இன் விலாசத்தை எல்1-இன் விலாசமாக்கும் டேபிளை எல்1 எழுதி வைத்திருக்கும். எல்1-இன் விலாசத்தை நிஜமாக்கும் டேபிள் எங்களிடம். இரண்டையும் சேர்த்து, எல்2-இலிருந்து நேராக நிஜத்துக்குப் போகும் மூன்றாவது டேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக நாங்களே கட்டி, அதைத்தான் பிராசஸரிடம் கொடுக்கிறோம். இடைத்தரகர் இருப்பதே பிராசஸருக்குத் தெரியாது. எல்2 ஏதாவது பக்கத்தைத் தொட்டு அது டேபிளில் இல்லையென்றால் கட்டுப்பாடு எங்களிடம் வரும். எல்1-இன் டேபிளைப் பார்ப்போம். அதில் இல்லையென்றால் குற்றம் எல்1 பக்கம், அதனிடமே தள்ளிவிடுவோம். அதில் இருந்து எங்களிடம் இல்லையென்றால் சத்தமில்லாமல் நாங்களே சரிசெய்துவிடுவோம். எல்1-க்கு விஷயமே தெரியாது. இந்த ஏமாற்று எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, பக்குக்கு வருகிறேன்.

ஒரு வாடிக்கையாளரின் எல்1-க்குள் பழைய 32-பிட் மெஷின் ஒன்று ஓடியது. உள்ளே ஏதோ கணக்குப் பேக்கேஜ். புதிதாக மாற்ற முடியாது, எழுதியவர் போய்விட்டார், கணக்கு மட்டும் இருக்கிறது. அந்த மெஷின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் எங்கள் பக்கத்தில் மொத்த எல்1-ஐயும் நிறுத்தி, வட்டில் சேமித்து, வேறு கணினியில் திரும்ப எழுப்பும்போது சில சமயம் அந்த எல்2 செத்துவிடும். சில சமயம்தான். பத்து தடவை எழுப்பினால் ஒன்றோ இரண்டோ. எல்1-க்கு ஒன்றும் ஆகாது. கூட ஓடும் 64-பிட் மெஷின்களுக்கும் ஒன்றும் ஆகாது.

சாவும் ஒரே மாதிரி இல்லை. ஒரு தடவை டிரிபிள் ஃபால்ட், பிழைக்குள் பிழைக்குள் பிழை. இன்னொரு தடவை மெஷினுக்குள் நுழையவே பிராசஸர் மறுத்துவிடும், காரண எண் 33. அதாவது கெஸ்டின் நிலை செல்லாது. கூடவே வரும் விளக்க எண் 2. இந்த 2-ஐ மூன்று வாரமாக ஒருவரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. 33-ஐப் பார்த்ததும் 'ஏதோ ரெஜிஸ்டர் கெட்டுவிட்டது' என்று பொதுவாகத் தேடிக்கொண்டிருந்தோம். இன்டெல் புத்தகத்தில் 2-க்கு ஒரே ஒரு பொருள்தான்: பிடிபிடிஇ-க்களை ஏற்றுவதில் தகராறு.

பிடிபிடிஇ என்றால் என்ன? 1995இல் பென்டியம் புரோவுடன் பிஏஇ என்ற வசதி வந்தது. 32-பிட் இயந்திரத்தில் 4 ஜிபிக்கு மேல் மெமரி வைக்கிற வழி. அதில் முதல் டேபிள் ரொம்பச் சின்னது, நான்கே வரி, வரிக்கு 8 பைட், மொத்தம் 32 பைட். ஒவ்வொரு வரியும் ஒரு ஜிபிக்குப் பொறுப்பு, அந்த வரிக்குத்தான் பிடிபிடிஇ என்று பெயர். இவ்வளவு சின்னது என்பதால் இன்டெல்காரர்கள் ஒரு சலுகை எடுத்துக்கொண்டார்கள். சிஆர்3-ஐ மாற்றும் நேரத்திலேயே அந்த நான்கு வரியையும் மெமரியிலிருந்து எடுத்து பிராசஸர் உள்ளேயே வைத்துக்கொள்ளும். அப்புறம் மெமரியை எட்டிப் பார்க்காது. 64-பிட் முறையில் இந்த வழக்கமே இல்லை. அதனால்தான் 64-பிட் மெஷின்கள் தப்பின.

'33-உம் 2-உம்' என்று அலுவலக சீனியரிடம் போனில் சொன்னேன். அருப்புக்கோட்டைக்காரர், எதற்கும் பதறமாட்டார். "தம்பி, என் மெஷின்ல இருபது தடவை எழுப்பிட்டேன், ஒண்ணும் சாகலையே" என்றார். அவருடையது ஏஎம்டி. ஏஎம்டியில் இரண்டு அடுக்கு டேபிள் ஓடும்போது இந்த நான்கு வரியைத் தனியாக எடுத்து வைக்கும் பழக்கம் கிடையாது, தேவைப்படும்போது மெமரியில்தான் பார்க்கும். "அண்ணே, உங்க மெஷின்ல சாகாது. அதுதான் துப்பே" என்றேன்.

இந்த இடத்தில்தான் அண்டா வருகிறது.

மறுநாள் படைப்பு. பங்காளிகள் எல்லாம் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் கட்டில் அடுப்பு மூட்டியாகிவிட்டது. அப்பத்தா வளவுத் தூணில் சாய்ந்தபடி என்னைக் கூப்பிட்டு, "ஏப்பா, எந்நேரமும் அந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டு இருக்கியே. சாமானறையிலே சித.ராம. வெட்டுன அண்டா இருக்கும், ஆளை விட்டு எடுத்தாரச் சொல்லு" என்றார்.

எங்கள் பக்கத்தில் பாத்திரத்தில் விலாசம் வெட்டுவோம். வெளியூர்க்காரர்கள் விலாசம் என்றால் தெருப்பெயரும் கதவெண்ணும் என்று நினைப்பார்கள். இங்கே விலாசம் என்பது குடும்பத்தின் தலைப்பெழுத்துகள். அப்பா பெயரின் முதலெழுத்துகள், தன் பெயரின் முதலெழுத்துகள், சில வீடுகளில் அதற்கு முன்னால் இன்னும் ஒன்றிரண்டு. கொண்டுவிற்ற காலத்தில், அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்த காலத்தில், கடைக்கும் அதுதான் பெயர், கடிதத்துக்கும் அதுதான் மேல்விலாசம்.

நான் சாமானறைக்குப் போய், சித.ராம. என்று வெட்டியிருந்த அண்டாவைத் தேடி எடுத்து, இரண்டு பேரை விட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன். அது வளவுக்குள் வந்ததும் ஒரு சலசலப்பு. "அது பொதுச் சாமானுல்ல? அதை எதுக்கு உங்க அடுப்புக்கு எடுத்தீக?" என்று அடுத்த அறை ஆச்சி கேட்டார். நான் விலாசத்தைத் தொட்டுக் காட்டினேன். அப்பத்தா சிரித்துவிட்டார்.

விஷயம் இதுதான். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது எங்கள் வழக்கம். ஆகவே சிதம்பரத்தின் மகன் ராமநாதன், அவர் மகன் சிதம்பரம், அவர் மகன் மறுபடி ராமநாதன் என்று போகும். என் ஐயாவும், அதாவது அப்பாவின் அப்பாவும், சித.ராம. தான், ஐயாவின் ஐயாவும் சித.ராம. தான். பெரியவருடைய அண்டா எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. சின்னவருடையது எங்கள் புள்ளிக்கு மட்டும். எழுத்து ஒன்று, எழுத்தின் பொருள் எந்த அடுக்கிலிருந்து படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அப்பத்தா சொன்னதில் தப்பில்லை, அவர் தன் அறையிலிருந்து சொன்னார். நான் முகப்பிலிருந்து படித்தேன்.

லேப்டாப்பைத் திறந்து, மெஷினை எழுப்பும்போது சிஆர்3-ஐ வைக்கிற இடத்துக்கு நேராகப் போனேன். ரெஜிஸ்டர்களைத் திரும்ப வைக்கிற பகுதி சிஆர்3-ஐ வாங்கியதும், பிராசஸர் செய்கிற மாதிரியே, அந்த எண்ணிலிருந்து நான்கு வரியைப் படிக்கிறது. எந்த டேபிள் வழியாக? எல்1-இன் விலாசத்தை நிஜமாக்கும் எங்கள் டேபிள் வழியாக. ஆனால் மெஷின் எல்2-க்குள் இருந்த நேரத்தில் சேமித்திருந்தால், அந்த சிஆர்3 எல்2-இன் விலாசம். முதலில் எல்1-இன் டேபிளில் பார்த்து மாற்றிய பிறகுதான் எங்கள் டேபிளுக்கு வர வேண்டும். ஒரு அடுக்கைத் தாண்டிக் குதித்துவிட்டோம். அதே எண்ணுள்ள எல்1-இன் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து 32 பைட் குப்பையை எடுத்து, பிடிபிடிஇ என்று பிராசஸருக்கு ஊட்டிவிட்டோம். குப்பை சுழியமாக இருந்தால் எல்2-க்கு எந்தப் பக்கமும் தெரியாது, முதல் கட்டளையிலேயே ஃபால்ட், ஃபால்ட்டைக் கவனிக்கப் போனால் அங்கேயும் ஃபால்ட், மூன்றாவதில் மரணம். சுழியமாகவே இருக்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்த பிட்கள் ஏதாவது குப்பையில் 1 ஆக இருந்தால் நுழைவிலேயே 33-உம் 2-உம். சேமிக்கும்போது எல்1 ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது. பத்துக்கு ஒன்று இரண்டு என்ற கணக்கும் புரிந்துவிட்டது.

இதில் என்னைச் சங்கடப்படுத்திய விஷயம், அந்த நிரலை எழுதியவர் தப்பாக எழுதவில்லை. அவர் எழுதிய காலத்தில் எங்கள் ஹைப்பர்வைசர் எல்1-க்கு ஈபிடி வசதியே காட்டவில்லை. அப்போது எல்1 தானே நிழல் டேபிள், அதாவது எல்2-இன் டேபிளை எல்1-இன் விலாசங்களாக மாற்றி எழுதிய நகல், கட்டி எல்2-ஐ ஓட்டும். அந்த முறையில் சிஆர்3-இல் எல்1 வைக்கும் எண் எல்1-இன் விலாசமேதான். பிற்பாடு எல்1-க்கும் ஈபிடி கொடுத்தோம். அன்றைக்கே அதே கட்டத்தில் இருக்கும் அதே எண்ணின் பொருள் மாறிவிட்டது. எல்1 சாதாரணமாக எல்2-க்குள் நுழையும் பாதையைத் திருத்தினோம். தூங்கி எழும் பாதை யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இன்னொரு கொடுமை: எழுப்பும்போது ரெஜிஸ்டர்களைத்தான் முதலில் வைக்கிறோம், 'நான் எல்2-க்குள் இருந்தேன்' என்ற செய்தி அதற்குப் பிறகுதான் வந்து சேர்கிறது. சிஆர்3-ஐ வாங்கும் நேரத்தில் அது யார் வீட்டு விலாசம் என்று கேட்கக்கூட வழியில்லை.

பக்கைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவசரமாகத் திருத்தி இன்னொரு தப்பு செய்தேன். எல்1 தன் எல்2-க்காக வைத்திருக்கும் விஎம்சிஎஸ் என்ற கட்டமைப்பில் இந்த நான்கு வரிக்கென்றே நான்கு கட்டங்கள் உண்டு. அங்கிருந்து எடுத்துக்கொண்டால் மொழிபெயர்ப்பே வேண்டாமே என்று தோன்றியது. பதினைந்து நிமிடத்தில் மாற்றி, எழுப்பிப் பார்த்தேன். சாகவில்லை. கும்மாயம் கொண்டுவந்து கொடுத்தார்கள், சாப்பிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அந்தக் கட்டங்களில் இருப்பது எல்1 கடைசியாக எல்2-க்குள் நுழைந்தபோது இருந்த மதிப்பு. ஈபிடி இருக்கும்போது எல்2 தன் சிஆர்3-ஐ யாரையும் கேட்காமல் மாற்றிக்கொள்ளலாம், ஒவ்வொரு பிராசஸ் மாறும்போதும் மாற்றிக்கொண்டேதான் இருக்கும். எல்1 அதைப் பார்ப்பதே இல்லை. ஆக, என் திருத்தத்தில் சிஆர்3 இப்போதைய பிராசஸுடையது, நான்கு வரி முன்பு ஓடியதுடையது. மெஷின் சாகாது. வேறொருவர் பக்கத்தில் போய் எழுதிக்கொண்டிருக்கும். கணக்குப் பேக்கேஜ் ஓடுகிற மெஷினில்! பழைய பக்கே தேவலை, செத்தாவது காட்டிக்கொடுத்தது. அந்தத் திருத்தத்தை யாரும் பார்ப்பதற்கு முன் அழித்துவிட்டேன்.

இரண்டாவது யோசனை ஒழுங்கானது. 'எல்2-க்குள் இருந்தேன்' என்ற செய்தி வரும்வரை நான்கு வரியைத் தொடாமல் இருப்பது. வந்த பிறகு எல்1-இன் டேபிள் வழியாக விலாசத்தை மாற்றி, எங்கள் டேபிள் வழியாக நிஜத்துக்குப் போய், சரியான 32 பைட்டைப் படிப்பது. இதில் தப்பு சொல்லக் கஷ்டம். சீனியரும் "இதோட விடு தம்பி" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணம் சமையல் மாஸ்டர். காலையில் அவர் அப்பத்தாவின் நோட்டைப் பார்த்து, எந்தப் பந்திக்கு எந்தப் பலகாரம், எத்தனை இலை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இடுப்பில் செருகிக்கொண்டார். பதினொரு மணிக்கு அப்பத்தா நோட்டில் ஒரு வரியை அடித்து வேறு எழுதினார். மாஸ்டருக்கு இன்னும் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அடுப்படியில் நடப்பது என்ன? சீட்டில் இருப்பது. நோட்டில் இருப்பதல்ல. இன்டெல் பிராசஸர் இந்த மாஸ்டர் மாதிரி. ஏஎம்டி என்றால் ஒவ்வொரு தடவையும் வளவுக்கு வந்து நோட்டைப் பார்த்துவிட்டுப் போகிற ஆள்.

32-பிட் இயங்குதளம் அந்த நான்கு வரியில் ஒன்றை மெமரியில் மாற்றினால், பிறகு சிஆர்3-ஐ மறுபடி ஏற்றியாக வேண்டும், அப்போதுதான் பிராசஸருக்குத் தெரியும். மாற்றியதற்கும் ஏற்றியதற்கும் நடுவில் சில கட்டளைகள். சரியாக அந்த இடைவெளியில் சேமித்துவிட்டால், எழுந்த மெஷின் நோட்டைப் படித்துவிடும், சீட்டை அல்ல. பெரும்பாலும் இதனால் ஒரு சேதமும் வராது, சீனியர் சொன்னது நியாயம்தான். ஆனால் நாங்கள் வாடிக்கையாளரிடம் சொல்வது 'நிறுத்திய இடத்திலிருந்து அப்படியே எழுப்புவோம்' என்று. 'கிட்டத்தட்ட அப்படியே' என்று இல்லை. பிராசஸர் அந்த நான்கையும் ரெஜிஸ்டர் மாதிரி வைத்திருக்கிறது என்றால், அவை ரெஜிஸ்டர்தான். ரெஜிஸ்டரைச் சேமிக்க வேண்டும், எங்கிருந்தோ மறுபடி கணக்குப் போட்டு வரவழைக்கக் கூடாது. கேவிஎம்காரர்களும் 2021இல் இந்த முடிவுக்குத்தான் வந்தார்கள். நான்கு மதிப்பையும் தனியாகக் கொடுத்து வாங்க வழி செய்து, 'இவை செல்லும்' என்று சொல்ல ஒரு கொடியும் (ஃபிளாக், ஆம் இல்லை என்று காட்டும் அடையாளம்) வைத்தார்கள். அதை முன்பே ஒரு தடவை படித்திருக்கிறேன். எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று அப்போது நினைத்தது இப்போது ஞாபகம் வந்தது.

படைப்பு முடிந்த அன்று ராத்திரி, வந்தவர்கள் பட்டாலையில் பாய் விரித்துப் படுத்த பிறகு, திருத்தத்தை எழுதி முடித்தேன். சேமிக்கும் கோப்பில் கூடுதலாக 32 பைட், ஒரு கொடி. எழுப்பும்போது கொடி இருந்தால் அந்த நான்கையும் அப்படியே வைத்துவிடும், மெமரியைத் தொடாது. 32-பிட் எல்2-ஐ வேலை வாங்கியபடியே மெஷினை நிறுத்தி எழுப்பி, நிறுத்தி எழுப்பி, விடியும்வரை ஓட விட்டேன். நடுவில் ஒரு தடவை கரண்ட் போய் ஹாட்ஸ்பாட் அறுந்தது, அதைத் தவிர ஒன்றும் சாகவில்லை.

இரண்டு அண்டாவும் இப்போது சாமானறையில் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடக்கின்றன. எங்களுடையதில் இன்னொரு எழுத்து சேர்த்து வெட்டலாம் என்று அப்பச்சி சொல்லிக்கொண்டிருக்கிறார். கொடி இல்லாத பழைய கோப்புகள் சில வாடிக்கையாளர்களிடம் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்குச் சீட்டு என்று ஒன்றே கிடையாது. அதனால் அவற்றை எழுப்பும்போது மட்டும் இரண்டாவது யோசனைப்படி எல்1-இன் டேபிள் வழியாகப் போய் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறோம், லாகில் ஒரு எச்சரிக்கை வரியும் விழுகிறது.